எங்கே, எப்போது: பழவேற்காட்டுக் கரையில் அலையைக் கடந்த வரலாறு

சென்னைக்கு வடக்கே எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை நீளும் கடற்கரையில் அலையை மறிக்க ஒரு குன்றும் இல்லை, ஒரு குடாவும் இல்லை. வங்காள விரிகுடாவில் எங்கோ தொலைவில் எழுந்த நெடிய அலை நேராக வந்து மணலில் உடைகிறது. நல்ல நாளிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசைகள் நுரைத்துக்கொண்டிருக்கும். கடலுக்குப் போகிற எவரும் முதலில் அந்த வரிசைகளைக் கடக்க வேண்டும். திரும்பும்போது மீன் சுமையோடும் களைத்த உடலோடும் மறுபடி கடக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இங்கே வந்த ஐரோப்பியர்கள் இந்த அலையைப் பற்றி எழுதாமல் போனதில்லை. அவர்களுடைய குறிப்புகளிலிருந்து இரண்டு தீர்ப்புகள் நம்மிடம் தங்கிவிட்டன. துறைமுகம் அமையாத கொடிய கரை இது என்பது ஒன்று. இங்கிருந்த மிதவைகள் நாகரிகம் வளராத காலத்தின் மிச்சம் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் மறுக்கிறேன். அலையின் ஆபத்து இயற்கை தந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆபத்து எத்தனை உயிரைக் கொள்ளும் என்பதை முடிவு செய்தது, எங்கே கடப்பது, எப்போது கடப்பது என்று தீர்மானிக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதே. பழவேற்காட்டின் வரலாறு அதற்குச் சான்று.

அலை உடையும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கடலடி மேடாகிக்கொண்டே வரும்போது அலையின் அடிப்பகுதி தடைப்பட்டு வேகம் குறைகிறது. முகடு முந்திக்கொண்டு கவிழ்கிறது. ஏறக்குறைய அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஆழத்தில் இது நிகழும். அதாவது ஒரு மீட்டர் அலை, ஆள் நிற்கக்கூடிய ஆழத்தில்தான் உடைகிறது. வெளியே போகும் படகுக்கு அந்த நொடியில் வேகம் போதாவிட்டால் அலை அதைத் தூக்கிப் பின்னால் எறியும். முனை சற்றே விலகினால் பக்கவாட்டில் உருட்டும். கரை திரும்புவது இதைவிடக் கடினம். பின்னாலிருந்து வரும் அலை அமரம் எனும் பின்முனையைத் தூக்கும். அணியம் எனும் முன்முனை முன்னிருக்கும் பள்ளத்தில் குத்தும். பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும். படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அந்த நேரத்தில் சுக்கான் உதவாது. உடையும் அலையில் நீரும் படகும் ஒரே திசையில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுவதால் சுக்கான் பலகையைத் தள்ள நீருக்கு விசை இருக்காது. படகுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒரு கன மீட்டர் தண்ணீரே ஒரு டன் எடை. அந்த எடையோடு ஆழம் குறைந்த நீரில் உருளும் படகு தன் ஆட்களையே நசுக்கிவிடும். ஆகவே இந்தக் கரையில் ஒரு மிதவை மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது, தரையில் மோதினால் என்ன ஆவது, குறுக்கே திரும்பாமல் எப்படிப் பிடிப்பது.

கட்டுமரம் முதல் கேள்வியையே இல்லாமல் செய்துவிட்டது. எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்த அந்த மிதவையில் தண்ணீர் தங்க இடம் கிடையாது. அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டி மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர வைப்பார்கள். நீர் ஊறிய மரம் மறுநாள் கனக்கும், கனத்தால் அலையில் எழும்பாது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை வியப்போடு குறித்தார். மரத்தைக் கட்டி மிதப்பது எளிய வேலை என்று அதன்பின் வந்த பலர் எண்ணிக்கொண்டார்கள். ஆனால் எந்த மரம் நடுவில், எது ஓரத்தில், அணியம் எவ்வளவு மேல்நோக்கி வளைய வேண்டும் என்ற ஒவ்வொன்றும் அலை உடையும் அந்தச் சில நொடிகளுக்காகவே தீர்மானிக்கப்பட்டது. படகின் உட்புறத்தைக் காப்பாற்ற முடியாத இடத்தில் உட்புறமே இல்லாத மிதவையைச் செய்வது தெளிந்த அறிவின் வேலை.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, தைத்த படகில் இருந்தது. கரைவலை விரிக்கவும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றவும் பயன்பட்ட இந்தப் படகை ஐரோப்பியர்கள் மசூலா என்றார்கள். இதில் இரும்பு ஆணி கிடையாது, உட்சட்டமும் கிடையாது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இடையே நாரும் வைக்கோலும் வைத்து, தென்னங்கயிற்றால் இறுகத் தைத்திருப்பார்கள். தரையில் மோதும்போது பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று அசைந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஆணி அடித்த கப்பல் படகுகள் அதே மணலில் அதே அடியில் பிளந்துபோயின. திசை பிடிக்கச் சுக்கானுக்குப் பதில் அமரத்தில் நிற்பவர் கையில் நீண்ட துடுப்பு இருந்தது. அதன் நீளமே நெம்புகோலாகிப் படகின் பின்பகுதியை அலைக்கு நேராக நிறுத்தும். மற்றவர்கள் பாட்டின் தாளத்துக்குத் துடுப்பு வலிப்பார்கள்; அவர் அலைகளைப் பார்த்து நிறுத்தச் சொல்வார், விரையச் சொல்வார். 1834இல் ஜான் எடை (John Edye) என்ற ஆங்கிலேயர் சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் படகுகளை அளந்து விவரித்த கட்டுரையிலும், சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ஆய்வுகளிலும் இந்த நுட்பங்கள் பதிவாகியுள்ளன. இளகும் உடலும் நீண்ட துடுப்பும் இந்தக் கரை கேட்டவை.

ஆனால் எவ்வளவு நல்ல படகானாலும் அலையை வெல்லாது, தாங்க மட்டுமே செய்யும். அலை எங்கே தணிவாக உடைகிறதோ அங்கே போவதே முதல் பாதுகாப்பு. பழவேற்காட்டுக்கு இயற்கை தந்த சலுகை இதுதான். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உப்பங்கழியான இந்த ஏரி, மணல்திட்டின் ஓர் உடைப்பு வழியே கடலோடு பேசுகிறது. அந்த முகத்துவாரத்தில் ஆழம் குறைவு, பெரிய கப்பல் நுழையாது. ஆனால் சிறு படகுகள் காலம் பார்த்து உள்ளே வந்துவிட்டால் அலையில்லாத நீர். விஜயநகர ஆட்சியில் இங்கிருந்து மலாக்காவுக்குத் துணி போனதற்கும், போர்த்துகீசியர்கள் வந்து குடியேறியதற்கும், டச்சுக்காரர்கள் 1610இல் அனுமதி பெற்று 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதற்கும் முதல் காரணம் உள்நாட்டின் நெசவு. எனினும் இதே கரையின் மற்ற இடங்களைவிடப் பழவேற்காடு நிலைத்ததற்கு அந்த ஏரி வாயும் காரணம். கப்பல்கள் வெளியே ஆழ்நீரில் நங்கூரமிட்டன. துணியும் வெடிமருந்தும் மட்டுமல்ல, பஞ்சத்தாலும் போராலும் விலைக்கு வந்த மனிதர்களும் அடிமைகளாக அந்த வாய் வழியே படகுகளில் ஏற்றப்பட்டார்கள். 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாகப் போயிற்று. வணிகர்கள் வந்து போனார்கள். முகத்துவாரத்தின் மணல் எந்த மாதத்தில் எங்கே குவியும், எங்கே விலகும் என்ற அறிவு மட்டும் குப்பங்களில் தங்கியது.

இதற்கு நேர்மாறாக அமைந்தது சென்னை. ஆங்கிலேயர்கள் 1621இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு இருந்து பார்த்து, ஒத்துப்போகாமல் விலகி, 1626இல் ஏரியின் வட கோடியிலுள்ள ஆர்மகான் என்ற துர்கராஜபட்டினத்தில் கடை போட்டு, 1639இல் பிரான்சிஸ் டே மூலம் சென்னை மணலைப் பெற்றார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் மலிவான நல்ல துணி. அலையைப் பற்றிய கணக்கு அதில் பின்னுக்குப் போயிற்று. ஏனெனில் அலையைக் கடக்கப்போவது கும்பினியாரின் உடல் அல்ல. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆளுநர் முதல் கைதி வரை ஒவ்வொருவரும், பொற்காசுப் பெட்டி முதல் குதிரை வரை ஒவ்வொன்றும், மசூலா படகில்தான் கரையேறின. கவிழ்ந்தால் பயணிகளைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே போயின. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் தரப்பட்டது. அலை மிஞ்சிய நாளில் கப்பலுக்கும் கரைக்கும் போக்குவரத்து இல்லை என்று கொடியேற்றி அறிவித்தார்கள். படகோட்டிகள் வெறும் கூலிக்காரர்களாக இருந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இராயபுரத்தில் தங்கள் பணத்திலேயே புனித பீட்டர் தேவாலயத்தைக் கட்டும் அளவுக்குக் கட்டுக்கோப்பான சமூகமாக இருந்தார்கள். ஆனாலும் எங்கே கடப்பது என்பதைக் கும்பினியின் கோட்டை முடிவு செய்திருந்தது. எப்போது கடப்பது என்பதையும் பெரும்பாலும் கப்பலின் அவசரம் முடிவு செய்தது. சென்னை அலைக்கு உலகெங்கும் கிடைத்த கெட்ட பெயரில் கடலின் பங்கு பாதி. மீதிப் பாதி, அலையைப் பாராமல் இடம் குறித்தவர்களின் பங்கு.

குப்பங்களில் இந்த இரு முடிவுகளும் வேறு விதமாக எடுக்கப்பட்டன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றையும், தெண்டி, வன்னி என்று கரையோர நீரோட்டத்தையும் பிரித்தறிந்து, அன்றைய கடல் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது இந்தக் கரையின் அன்றாடக் கல்வி. அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. பெரிய அலைகள் சில வந்தபின் சற்றுத் தணியும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பதும், அது கிடைத்ததும் தயங்காமல் தள்ளுவதும் ஒரே திறமையின் இரு பக்கங்கள். பழவேற்காட்டின் பட்டினவர் எனும் மீனவச் சமூகத்துக்கு இன்னொரு பலமும் இருந்தது. நடுவூர் மாதாகுப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரியின் இறால் பிடிக்கும் இடங்களைக் குடும்பங்களுக்கு முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் பாடு முறை இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து அதைக் காத்தது. மீன்வள ஆய்வாளர்கள் பாடு முறையை வளத்தைப் பங்கிடும் ஏற்பாடாகப் பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் அதை அலைப் பாதுகாப்பின் ஓர் உறுப்பாகவும் பார்க்கிறேன். கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அடுப்பெரிய ஏரி இருந்தால்தான் ஒருவன் கடலுக்குப் போகாமல் இருக்க முடியும். போகாமல் இருக்க முடிவதே ஆபத்தைக் குறைக்கும் வழிகளில் முதன்மையானது. வீட்டில் அரிசி இல்லாதவனுக்கு எந்த அலையும் கடக்கக்கூடிய அலையாகத்தான் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தப் பிரச்சினையை அணுகியவர்கள் படகிலேயே கண்ணாக இருந்தார்கள். 1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் படகு வடிவமைப்பாளர்கள் இந்தியாவின் அலைக் கரைகளுக்கென்று புதிய படகுகளைச் சோதித்தார்கள். பீட்டர் கர்ட்னர் அந்த முயற்சியைப் பற்றி விரிவாக எழுதினார். 1979இல் சென்னையைத் தளமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஆழம் குறைந்த நீரில் சுழலியைத் தூக்கிக்கொள்ளும் டீசல் எஞ்சின் பொருத்திய கரையேறு படகுகளை உருவாக்கியது. நேர்மையான, உழைப்பு மிகுந்த முயற்சிகள் அவை. கட்டுமரத்திலும் தைத்த படகிலும் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பதை அந்தப் பொறியாளர்களே முதலில் ஒப்புக்கொண்டார்கள். ஏனெனில் அவற்றுக்கு மாற்று காண்பது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. பிறகு கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஏராளமாக வழங்கப்பட்டதும் கட்டுமரம் வேகமாக மறைந்தது. எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகு ஓர் அலையின் முதுகிலேயே ஓடி, அடுத்தது பிடிக்குமுன் கரை சேரும். அதே படகில் எஞ்சின் நனைந்து நின்றாலோ, ஆழம் குறைந்து சுழலியைத் தூக்க வேண்டி வந்தாலோ, விசை மிகவும் தேவைப்படும் நொடியில் அது கனமான வெறும் ஓடாகிவிடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய முறையை நான் அழகுபடுத்துகிறேன், கட்டுமர காலத்திலும் மக்கள் செத்தார்கள், அந்தச் சாவுகளை யாரும் எண்ணி வைக்கவில்லை, எஞ்சின் வந்தபின் புயலுக்கு முன் கரை திரும்ப முடிகிறது, கை புண்ணாகத் துடுப்பு வலிக்க வேண்டியதில்லை என்று யாரும் சொல்லலாம். இதில் ஒவ்வொரு சொல்லும் சரி. தண்ணீரில் முழங்கால் மடக்கி நாள் முழுதும் இருந்த வாழ்க்கையைத் திரும்பக் கேட்க எனக்கு உரிமையில்லை. அந்தக் குப்பங்களிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. எஞ்சின் நன்மையே. ஆனால் அந்த மறுப்பு என் வாதத்தைத் தொடவில்லை. எஞ்சின் படகின் விலையும் அதன்மேல் வாங்கிய கடனும் டீசல் செலவும் சேர்ந்து, கடலுக்குப் போகாத நாளை நட்ட நாளாக்கிவிட்டன. மரத்தை அவிழ்த்து உலரப்போட்டவனுக்கு வீட்டில் இருப்பது செலவில்லாதது. தவணை கட்டுகிறவனுக்கு அப்படியில்லை. படகு மேம்பட்டது, காத்திருக்கும் உரிமை சுருங்கியது. முதலாவதை மட்டும் கணக்கில் எடுத்தால் வரலாறு பாதிதான் தெரியும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அலையைக் கடப்பதே ஆபத்தானால் அலையில்லாத துறையைக் கட்டுவதுதானே தீர்வு? சென்னை அதைத்தான் செய்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். 1881 நவம்பரில் வந்த புயல் கட்டப்பட்டு வந்த சுவர்களைச் சிதைத்தது. அதற்குப்பின் வேலை முடிந்தது. பயணிகளின் அச்சம் தீர்ந்தது. ஆனால் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்காக நிகரமாக நகரும் மணல் அந்தச் சுவரில் தேங்கியது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கடல் கரையைத் தின்றது. துறைமுகம் கப்பலுக்குத் தந்த பாதுகாப்பின் விலையை வடக்கிலிருந்த குப்பங்கள் கட்டின. மணல் இழந்த கரை செங்குத்தாகிறது. கல் கொட்டிய கரையில் படகை இழுத்துப் போட இடமில்லை. எண்ணூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய துறைமுகமும், அடுத்த பத்தாண்டில் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் இதே மணல் ஓட்டத்தின் பாதையில் நிற்கின்றன. அவற்றுக்கு வடக்கேதான் பழவேற்காடு. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதை வளர்ச்சிக்கு எதிரான குரலாகச் சித்திரிப்பவர்கள், நூற்றைம்பது ஆண்டுச் சான்று மீனவர்கள் பக்கம் இருப்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

முகத்துவாரத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. ஏரி வாய் மணலால் அடைபட்டால் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வராது, படகும் வெளியே போகாது. ஆகவே அதைத் திறந்து வைக்கக் குப்பங்கள் நெடுங்காலமாகக் கேட்டன. கற்சுவர் கட்டி நிலைப்படுத்தும் திட்டத்தை அரசும் எடுத்தது. கோரிக்கை நியாயமானது. ஆனால் எந்த முகத்துவாரமும் ஓதம் வற்றும் நேரத்தில் தனி ஆபத்து கொண்டது. வெளியே பாயும் ஏரி நீர், உள்ளே வரும் அலையை எதிர்த்து அதைச் செங்குத்தாக்கி உடைக்கும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் கிறிஸ்துமஸ் நாளைக் கழிக்க வந்தவர்களின் படகு முகத்துவாரப் பகுதியில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்கள், உயிர்காப்பு உடுப்பு இல்லாத பயணம். எங்கே போகலாம், எப்போது போகலாம் என்ற முடிவு உல்லாசத்தின் அவசரத்துக்குக் கைமாறியதையும் அந்தத் துயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவர் எழுந்தபின்னும், ஓதம் பார்க்கும் கண்ணையும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தையும் அது தானாகத் தந்துவிடாது.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. கானாவின் ஆக்ராவில், 1962இல் தேமா துறைமுகம் வரும்வரை அலைப்படகுக்காரர்கள் துடுப்பு வலித்தே கப்பல் சரக்கைக் கரை சேர்த்தார்கள். ஆர்க்டிக் கரைகளின் இனுயிட் மக்கள் கயாக்கின் சட்டத்தை ஆணியின்றிக் கட்டித் தோல் போர்த்தினார்கள்; தண்ணீர் புகாமல் மூடிக்கொள்வது அவர்கள் கண்ட வழி, தண்ணீரை வடிய விடுவது நம் கரை கண்ட வழி. இன்று விளையாட்டுக்காகக் கயாக்கில் அலையைக் கடப்பவர்கள் கற்கும் விதிகள், அலைக் கூட்டத்துக்கு இடையே காத்திரு, முனையை நேராக வை, திரும்பும்போது குறுக்கே சாயாதே, கரையில் ஆள் நிற்கும் இடத்தைத் தவிர், ஐயமிருந்தால் போகாதே என்பவை. இவற்றில் ஒன்றுகூடக் குப்பத்துக்குப் புதிதல்ல. வேறுபாடு ஒன்றே. விளையாட்டுக்காரர் கடைசி விதியைப் பின்பற்றினால் ஒரு மாலைப்பொழுதை இழப்பார். மீனவர் பின்பற்றினால் ஒரு நாள் சோற்றை இழப்பார்.

ஆகவே இந்தக் கரைக்குப் பாதுகாப்புத் திட்டம் வகுப்பவர்கள் படகையும் உயிர்காப்பு உடுப்பையும் மட்டும் பட்டியலிட்டு நிறுத்தக் கூடாது. படகை இழுத்துப் போடவும், மணல் மாறும்போது இறங்கும் இடத்தை மாற்றவும் திறந்த கரை தடையின்றிக் கிடைக்க வேண்டும். மணல் ஓட்டத்தை மறிக்கும் எந்தக் கட்டுமானத்துக்கும் முன்னால் வடக்கே இருக்கும் குப்பங்களின் அறிவு கேட்கப்பட வேண்டும், கேட்டபின் மதிக்கப்பட வேண்டும். ஏரி உயிரோடு இருக்க வேண்டும். அது உயிரோடு இருந்தால்தான் கொந்தளிக்கும் நாளில் கடலைத் தவிர்க்க இடமிருக்கும். கடல் கெட்ட நாட்களின் வருமான இழப்புக்கு ஈடு தருவதைச் சலுகையாகக் கருதாமல் உயிர் காக்கும் செலவாகக் கருத வேண்டும். நானூறு ஆண்டுகளாக இந்தக் கரையில் அலை உடைந்த விதம் பெரிதாக மாறவில்லை. அதைக் கடப்பவர்களிடமிருந்து இடத்தையும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றைத் திருப்பித் தருவதுதான் பழவேற்காட்டு மீனவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் கடல் பாதுகாப்பு.